எல்லாப் பழியும் ஈரலுக்கே

சிகரெட்டை விடாமல் இருப்பதற்கு நான் சொல்லிவந்த காரணங்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகிவிட்டன. ஆபீஸ் டென்ஷன் என்றேன்; ரிட்டயர் ஆகிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் வேண்டியிருக்கிறது என்றேன். எழுதியதைப் படித்தவர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கைவசம் ஒன்றும் இல்லாமல் நின்ற நேரத்தில்தான் ஒரு மருத்துவக் கட்டுரையில் சிஒய்பி2ஏ6 என்ற நொதி என் கண்ணில் பட்டது.

புகையோடு உள்ளே போகும் நிக்கோட்டினை ஈரலில் இருந்துகொண்டு உடைப்பது முக்கியமாக இந்த நொதிதான். நிக்கோட்டினில் ஏறக்குறைய முக்கால் பங்கைக் கோட்டினினாக மாற்றுவதில் இதற்கே பெரும்பங்கு. பிறகு அந்தக் கோட்டினினையும் இதுவே வேறொரு பொருளாக்குகிறது. கடைசி இரண்டுக்கும் உள்ள விகிதத்தை ரத்தத்தில் அளந்தால் ஒருவருடைய ஈரல் வேகமா, மந்தமா என்று சொல்லிவிடலாம். சராசரி ஆளின் ரத்தத்தில் நிக்கோட்டின் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிறது. வேக ஈரல்காரருக்கு அதற்கு முன்பே தீர்ந்துபோய், கை சட்டைப்பையைத் தடவ ஆரம்பிக்கும். மந்த ஈரல்காரர்கள் சராசரியாகக் குறைவாகப் பிடிக்கிறார்கள். விடுவதும் அவர்களுக்குச் சுலபம். வேகத்தின் பெரும்பகுதி பரம்பரையாக வருவது. ஈஸ்ட்ரோஜன் காரணமாக ஆண்களைவிடப் பெண்களுக்கு வேகம் கூடுதல்.

படித்து முடித்ததும் எனக்குச் சாதகமாக யாரோ ஜாதகம் கணித்துக் கொடுத்த மாதிரி இருந்தது. எந்தப் பரிசோதனையும் செய்துகொள்ளாமலே நான் வேக ஈரல்காரன் என்று தீர்மானித்து, வீட்டில் அறிவித்தேன்.

"போகட்டும், உங்க உடம்புல வேகமா வேலை செய்யற பாகம் ஒண்ணாவது இருக்கே" என்றாள் மனைவி.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். அவர் ஒரு பொங்கலன்று பாக்கெட்டைத் தூக்கி எறிந்தவர். அதற்குப் பிறகு தொடவில்லை. எறிந்த கதையைக் குடும்பத்தில் கேட்காத குழந்தை இல்லை. "உங்களுக்கு ஈரல் மந்தம்ண்ணா, அதனாலதான் விட முடிஞ்சுது" என்றேன். "யாருக்குடா மந்தம்?" என்று வைத்தவர்தான். அவருடைய மன உறுதியை நான் ஒரு நொதியாகக் குறைத்தது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவருக்கு ஈரல் எப்படி இவ்வளவு வசதியாக வேறுபட்டது என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அரைகுறை அறிவு என்னை மேலும் கெடுத்தது. சாப்பிட்டதும் ஈரலுக்கு ரத்த ஓட்டம் கூடி, நிக்கோட்டின் வெளியேறும் வேகம் 40 சதவீதம்வரை உயரும் என்று படித்தேன். சாப்பாட்டுக்குப் பிந்தைய சிகரெட்டை இதுவரை பழக்கம் என்று சொல்லி வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அது உடலியல் ஆயிற்று.

இதற்கு முந்திய கூத்து 'லைட்ஸ்'. அந்தச் சிகரெட்டின் ஃபில்டரைச் சுற்றி ஊசிமுனை அளவில் துளைகள் இருக்கும். அவற்றின் வழியே வெளிக்காற்று கலந்து புகை நீர்த்துப்போகும். உள்ளே இருக்கும் புகையிலையில் நிக்கோட்டினுக்கு ஒரு குறைவும் கிடையாது. 'குறைவு' என்று எண் கொடுத்தது புகை இழுக்கும் ஓர் இயந்திரம். அமெரிக்காவில் 1967 முதல் நடந்த அந்தச் சோதனையில் இயந்திரம் நிமிடத்துக்கு ஒரு முறை, இரண்டு விநாடி, 35 மில்லிலிட்டர் இழுக்கும். அந்த இயந்திரத்துக்கு மேனேஜர் இல்லை. அதன் பஸ் தவறிப்போவதும் இல்லை. நானோ துளைகளை விரலாலும் உதட்டாலும் அடைத்துக்கொண்டு கன்னம் ஒட்ட இழுத்தேன். தெரிந்து செய்யவில்லை, உடம்பு தனக்கு வேண்டியதை எண்ணிக்கையில் பார்ப்பதில்லை, ரத்தத்தில் பார்க்கிறது. 'லைட்', 'மைல்ட்' என்ற சொற்களைச் சிகரெட் அட்டையில் போடக்கூடாது என்று அமெரிக்காவில் 2010இல் நிறுத்தினார்கள். நான் அதற்குப் பிறகும் வெகுநாள் பெட்டிக்கடையில் "அண்ணே, லைட்ஸ்" என்று ஆரோக்கியமான குரலில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உண்மையிலேயே நிக்கோட்டின் குறைந்த சிகரெட் வேறு ஜாதி. அதில் புகையிலைச் செடியிலேயே கை வைத்துவிடுகிறார்கள். 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 840 பேருக்கு ஆறு வாரம் சிகரெட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். சிலருக்குச் சாதாரண ரகம், ஒரு கிராம் புகையிலையில் 15.8 மில்லிகிராம் நிக்கோட்டின். வேறு சிலருக்கு அதைவிடக் குறைந்த பல அளவுகள். கடைசி ரகத்தில் 0.4 மட்டுமே. வேக ஈரல்காரர்கள் ஒரே சிகரெட்டிலிருந்து கூடுதல் புகை இழுக்கிறார்கள் என்று முன்பே கண்டிருந்தார்கள். ஆனால் இதில் எவ்வளவு இழுத்தாலும் எடுக்க ஒன்றுமில்லை. ஆறாவது வார முடிவில் சாதாரண ரகக்காரர்கள் நாளுக்கு 21 அளவிலும், மிகக் குறைந்த ரகக்காரர்கள் 15 அளவிலும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க அரசு 2025 ஜனவரியில் எல்லாச் சிகரெட்டிலும் கிராமுக்கு 0.7 மில்லிகிராம்தான் இருக்கலாம் என்று ஒரு விதியை முன்மொழிந்தது. நியூசிலாந்து இதேபோல் 2022இல் சட்டமே இயற்றி, அமலுக்கு வருவதற்குள் 2024இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

என்னைக் கவர்ந்தது இந்த எண்களல்ல. ஆய்வில் சேர்ந்தவர்களின் சிறுநீரைச் சோதித்தபோது, ஓசிச் சிகரெட்டோடு கடையில் காசு கொடுத்து வாங்கிய சாதாரண சிகரெட்டையும் பலர் திருட்டுத்தனமாகப் பிடித்தது தெரிந்துவிட்டது. நேரில் பார்த்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பேன். கடல் தாண்டி என் சொந்தக்காரர்கள்.

கடைசியில் மனைவியின் நச்சரிப்பில் ஒரு டாக்டரிடம் போனேன். என் நொதியைப் பற்றிப் பேசத் தயாராகப் போயிருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. "காலைல எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட்?" என்று மட்டும் கேட்டார். பல் தேய்க்கும் முன் என்பதுதான் உண்மை. "ஒரு மணி நேரம் ஆகும், டாக்டர்" என்றேன். அந்த இடத்தில் எதற்குக் கௌரவம் பார்த்தேன் என்று இன்றும் விளங்கவில்லை. எழுந்து அரை மணிக்குள் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம், தாமதமாகப் பற்றவைப்பவருக்கு 2 மில்லிகிராம் என்று ஒரு கணக்கு உண்டாம். அவர் 2 எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சூயிங்கத்தை நாலு கடி கடித்து, நாக்கு சுரீர் என்றதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். நிக்கோட்டின் கன்னத்தின் வழியாகவே ரத்தத்தில் சேர வேண்டும். நான் அதை வெற்றிலை போல் மென்று எச்சிலை விழுங்கினேன். விழுங்கியது முதலில் நேராக ஈரலுக்குத்தான் போகிறது. அங்கேதான் அந்த நொதி வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறதே! போதாக்குறைக்கு மேலே ஃபில்டர் காபி. காபி வாயைப் புளிப்பாக்கிவிட்டால் கன்னமும் நிக்கோட்டினை உள்ளே விடாது. விதையில் கை வைத்து அமெரிக்கர்கள் சாதித்ததை நான் வாய்க்குள்ளேயே செலவில்லாமல் சாதித்திருந்தேன்.

புகைக்கிறவர்களுக்குக் காபியிலுள்ள கஃபீன் சீக்கிரம் கரைந்துவிடும். அது வேறொரு நொதியின் வேலை. சிகரெட்டை நிறுத்தினால் அதே ஒரு டம்ளர் முன்னைவிட அதிகமாகத் தூக்கும். அது தெரியாமல் ஆறுதலுக்கு டம்ளர்களைக் கூட்டிக்கொண்டே போய், விடிய விடிய மின்விசிறியை எண்ணிக்கொண்டு, "பாரு, நிக்கோட்டின் இல்லாம தூக்கம் வரலை" என்று மனைவியை எழுப்பிச் சொன்னேன். மறுநாள் காலை நடைப்பயிற்சி பெட்டிக்கடை வரைக்கும்தான் போயிற்று.

வியாழக்கிழமை மறுபடி டாக்டர். இந்தத் தடவை மனைவியும் வருகிறாள். என்னை நம்பி அனுப்ப முடியாதாம். டாக்டரின் கேள்விக்குப் பதிலை அவளே சொல்லிக்கொள்கிறாளாம். அண்ணனும் வருவதாகக் கேள்வி.