பேரன் பெயரில் தாத்தா

கேள்வி: குடும்ப வரலாற்றைத் தேட ஆசை. எங்கே தொடங்குவது? (வாசகர், ஆஸ்டின் டவுன், பெங்களூரு)

பதில்: இணையத்தில் அல்ல, பரணில். வெள்ளைக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாகக் கூடவே வரும். நம் இனிஷியலோ அப்பாவோடு இறங்கிக்கொள்ளும். ஆனால் பேரன் என்ற சொல்லே ‘பெயரன்’தான், தாத்தா பெயர் ஒரு தலைமுறை தாண்டி மறுபடி எட்டிப்பார்க்கும். பழைய கல்யாணப் பத்திரிகையைப் பிரியுங்கள்: மஞ்சள் தடவிய மூலைகளுக்கு நடுவே தாத்தாக்கள், தாய்மாமன்கள், சொந்த ஊர் எல்லாம் அச்சில் நிற்கும். ‘பாட்டி வருஷத்தை மாற்றி மாற்றிச் சொல்கிறாரே’ என்பீர்கள். சொல்லட்டும், ஊரையும் உறவையும் அவ்வளவு லேசில் மாற்றமாட்டார். வருஷத்துக்குக் கிறிஸ்தவர்களானால் ஞானஸ்நானப் பதிவேடு உண்டு. பள்ளி டி.சி.யை மட்டும் நம்பாதீர்கள், சேர்க்கைக்காக வயதைக் கூட்டிக் குறைத்த காலம் அது. இனி ஊர்: 1809இல் பெங்களூரில் தண்டு, அதாவது கன்டோன்மென்ட், உருவானபின் பட்டாளத்தோடும் பிழைப்புத் தேடியும் வந்த தமிழர்கள் ஏராளம். ஆகவே அடுத்த பதிவேடு தமிழ்நாட்டில் இருக்கலாம், டிக்கெட்டுக்குப் பணம் எடுத்துவையுங்கள்.