இரண்டாவது டிரைவ் படலம்

512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள கேமிங் லேப்டாப் வாங்கியவரின் பெருமிதத்துக்கு ஆயுள் குறைவு. 'பால்டர்ஸ் கேட் 3' ஒன்றே 150 ஜிபி கேட்கும். அதுவும் எஸ்எஸ்டியில்தான் குடியேறுவேன் என்று நிபந்தனை.

உடனே நொடிக்கு 7,000 எம்பி வேக என்விஎம்இ வேட்டை. இரண்டாவது எம்.2 ஸ்லாட் பிசிஐஇ மூன்றாம் தலைமுறையாக இருந்தால், சுமார் 3,500க்கு மேல் நகராது. சில மாடல்களில் அந்த ஸ்லாட் சாட்டா மட்டும். என்விஎம்இ செருகினால் கண்டுகொள்ளவே செய்யாது. மேனுவலில் எல்லாம் இருக்கிறது. மேனுவல் பரணில் இருக்கிறது.

இத்தனைக்கும் 550 எம்பி தரும் சாட்டா எஸ்எஸ்டியிலேயே பெரும்பாலான கேம்கள் சில நொடிதான் பிந்தும். (5,400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் என்றால் டீ போட்டுக் குடித்துவிட்டே வரலாம்.) அந்தச் சில நொடிகளை மிச்சம் பிடிக்க இரவெல்லாம் விமர்சன வீடியோ பார்த்தவர், கடைசியில் 1 டிபி பொருத்துகிறார்.

விண்டோஸ் 931 ஜிபி என்கிறது. கடைக்காரருக்குப் போன் போகிறது.