கிருமிக்கு வெளிச்சம் ஆகாது!

கேள்வி: வெளிச்சத்தைக் காட்டியே கிருமியைக் கொல்லலாம் என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: தாராளமாக. விஷயம் பழசும்கூட! மியூனிக்கில் மருத்துவ மாணவராக இருந்த ஆஸ்கர் ராப், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் பாராமீசியம் என்ற ஒருசெல் உயிரிகள் வெளிச்சம் பட்டால் சாவதையும், இருட்டில் பிழைத்திருப்பதையும் கண்டு 1900-ல் எழுதினார். தோல் காசநோய்க்கு ஒளியால் சிகிச்சை தந்த டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-ல் நோபல் பரிசே கிடைத்தது. பிறகு ஆன்டிபயாடிக் வந்தது, ஒளி ஓரங்கட்டப்பட்டது.

கேள்வி: ஆன்டிபயாடிக் இருக்கும்போது மறுபடியும் ஒளி எதற்கு?

பதில்: மருந்துக்குக் கேட்காத கிருமிகளும் இருக்கின்றனவே! சீழ்க்கட்டிகளுக்கு முக்கியக் காரணம் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ். அதை அடக்க 1959-ல் மெதிசிலின் வந்தது. 1961-லேயே அதற்கு அடங்காத வகை இங்கிலாந்தில் தலைகாட்டிவிட்டது. மெதிசிலின் முடக்கும் புரதத்தின் வேலைக்கு, அதன் பிடியில் சிக்காத இன்னொரு புரதத்தை வைத்துக்கொண்டது அந்தப் பாக்டீரியா. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் 2019-ல் மட்டும் சுமார் 12.7 லட்சம் உயிர்களை நேரடியாகப் பறித்ததாக லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிடுகிறது.

கேள்வி: இந்த ஒளிச் சிகிச்சையில் நானோ துகள்களும் சேர்கின்றன என்கிறார்களே, அவற்றுக்கு என்ன வேலை?

பதில்: ஒளியை வாங்கி ஆயுதமாக்கும் வேலை. சில துகள்கள் ஒளியை வெப்பமாக மாற்றுகின்றன. தங்கத்தை நானோ உருண்டைகளாக்கி நீரில் கலந்தால் மஞ்சள் போய்ச் சிவப்பாகத் தெரியும். அதையே குச்சி வடிவில் செய்தால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிச் சூடேறி, ஒட்டியிருக்கும் பாக்டீரியாவைப் பொசுக்கும். வேறு சில துகள்கள், ஒளிபட்டதும் பக்கத்திலுள்ள ஆக்சிஜனை உசுப்பிவிடுகின்றன. உசுப்பப்பட்ட ஆக்சிஜன் நீரில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் சில பங்குதான் உயிரோடிருக்கும். அதற்குள் கிருமியின் சவ்வு, புரதம், டி.என்.ஏ. என்று கைக்கெட்டியதையெல்லாம் சிதைத்துவிடும்.

கேள்வி: இதற்கும் கிருமி பழகிக்கொள்ளாதா?

பதில்: சுலபமில்லை. ஒரு கதவை உடைக்க வந்தால் தாழ் போடலாம். நாலு சுவரும் ஒரே நேரத்தில் இடிந்தால்? ஆனாலும், அரைகுறை அளவில் திரும்பத் திரும்ப ஒளி கொடுத்த சில சோதனைகளில் பாக்டீரியா ஓரளவு தாங்கப் பழகியிருக்கிறது. ஆகவே, அடித்தால் முழு அளவில் அடிக்க வேண்டும்.

கேள்வி: நம் தோலும் சேர்ந்து வெந்துபோகாதா?

பதில்: நியாயமான பயம். அதனால்தான் துகள் பாக்டீரியாவை மட்டும் தேடி ஒட்டும்படி மேற்பூச்சு கொடுக்கிறார்கள். பாக்டீரியாவின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் அதிகம். நேர்மின்னேற்றமுள்ள துகள் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். துகள்கள் உடம்பில் தங்கினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துத் தெளிய வேண்டும். இன்னொரு வரம்பும் உண்டு: நீல ஒளி தோலுக்குள் ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாது, சிவப்பும் அகச்சிவப்பும் இன்னும் சில மில்லிமீட்டர் போகும். ஆழத்தில் பரவிய தொற்றுக்கு இது மட்டும் போதாது.

கேள்வி: எங்கேயாவது நடைமுறைக்கு வந்திருக்கிறதா?

பதில்: நானோ துகள்கள் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கின்றன. சாயமும் ஒளியும் மருத்துவமனைக்கே வந்துவிட்டன. கனடாவின் வான்கூவர் பொது மருத்துவமனையில், அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியின் மூக்கில் மெத்திலீன் நீலம் தடவிச் சிவப்பு ஒளி காட்டினார்கள். உடம்பைத் துடைக்கக் கிருமிநாசினியும் கொடுத்தார்கள். அறுவைப் புண்ணில் தொற்று குறைந்தது. மூக்கில் ஏன்? ஸ்டெஃபிலோகாக்கஸ் பெரும்பாலும் குடியிருக்கும் இடம் அதுதான்.

கேள்வி: அப்படியானால் புண்ணை வெயிலில் காட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. வெயில் தோலைத்தான் சுடும். சிகிச்சைக்கு ஒளியின் நிறம், அளவு, நேரம் மூன்றும் கணக்காக இருக்க வேண்டும்.

கேள்வி: இந்தச் சிகிச்சை பரவலாக வரும்வரை நாங்கள் செய்ய வேண்டியது?

பதில்: மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கும் களிம்பை நிறுத்துங்கள். ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் கலந்த களிம்பு அரிப்பை அடக்கி, நோயை மறைத்து, கிருமிக்குப் பயிற்சியும் கொடுக்கிறது. மருத்துவர் எழுதித் தந்த ஆன்டிபயாடிக்கை அவர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் காலில் சின்னப் புண் என்றாலும் அன்றே காட்டுங்கள். புது ஆயுதம் வரும்வரை பழையதை மழுங்கவிடாமல் வைத்திருப்பது நம் எல்லோருடைய பொறுப்பு.