பசியும் பாத்திரமும்

கேள்வி: ‘மாங்கா’ என்கிறார்களே, அது ஊறுகாய்க்கு ஆகுமா?

பதில்: ஊறுகாய்க்கு ஆகாது; ஆனால் ஊற ஊற ருசிக்கும் குணம் அதற்கும் உண்டு. ஜப்பானியர் தங்கள் சித்திரக் கதைக்கு இட்ட பெயர் அது. அகிரா டோரியாமா 1984-ல் ஒரு வாரப் பத்திரிகையில் தொடங்கி 1995-ல் முடித்த ‘டிராகன் பால்’ 42 தொகுதிகளாக விரிந்தது. கதை முடிந்தும் ஜாடி காலியாகவில்லை. திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், வீடியோ கேம் என்று இன்றுவரை அதிலிருந்தே எடுத்துப் பரிமாறிக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: மூலத்தில் இல்லாத பாத்திரத்தை வீடியோ கேமுக்காகப் புதிதாக நுழைப்பது இடைச்செருகல் அல்லவா?

பதில்: ஏட்டில் இடைச்செருகல் செய்த புண்ணியவான் தன் பெயரை மறைத்தான், மூல நூலாசிரியர் ஆட்சேபிக்க இயலாத லோகத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகே எழுத்தாணியைக் கையில் எடுத்தான். இங்கோ மூலவரே சந்நிதியில் நின்றார். யோகோஹாமாவின் ஆர்க் சிஸ்டம் ஒர்க்ஸ் நிறுவனத்தார் 2018-ல் கொண்டுவந்த ‘டிராகன் பால் ஃபைட்டர்இசட்’ என்னும் சண்டை விளையாட்டில் தோன்றும் ‘ஆண்ட்ராய்டு 21’, டோரியாமாவின் மேற்பார்வையில் ஜனித்தவள். 2023-ல் வந்த ‘ஒன் பீஸ் ஒடிசி’ விளையாட்டின் புதுப் பாத்திரங்களான அடியோவுக்கும் லிம்முக்கும் உருவம் வரைந்தவர் ‘ஒன் பீஸ்’ மாங்காவைப் படைத்த எய்ச்சிரோ ஓடாவே. வீட்டுக்காரரே கதவைத் திறந்துவிட்டு அழைத்து வந்தவர்களைத் திருடர் என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: கதையில் ஏற்கனவே கூட்டம் நெரிகிறதே! புதிதாக ஒருத்தி எதற்கு?

பதில்: கதையின் தர்மம் வேறு, விளையாட்டின் தர்மம் வேறு. ‘டிராகன் பால்’ கதையில் ஃபிரீசா என்னும் கொடுங்கோலனுக்கு முன்னால் கிரில்லின் என்னும் வீரன் ஒரு தூசி. அவன் கையாலேயே மாண்டும் போனவன். விளையாட்டிலோ, கிரில்லினைத் தேர்ந்துகொண்ட சிறுவனும் காசு கொடுத்தே வாங்கியிருக்கிறான். அவனுக்கும் ஜயிக்க ஒரு வழி இருந்தாக வேண்டும். ஆகவே, மர்மமான அலைகள் சில பரவி வீரர் அனைவருடைய பராக்கிரமத்தையும் அடக்கிவிட்டன என்று கதை கட்டி, அந்த விவகாரத்தின் நடுவே ஆண்ட்ராய்டு 21-ஐ நிறுத்தினார்கள். பகைவர்களும் நண்பர்களும் ஒரே அணியில் சேர வேண்டிய நிர்ப்பந்தமும் அவளாலேயே வந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பதை மாங்கா உலகம் மெய்ப்பித்த இடம் இது. ‘ஒடிசி’யின் லிம் செய்வதும் இதே கைங்கரியந்தான்: ஆதியிலேயே நாயகர்களின் சக்திகளைப் பிடுங்கிக் கனசதுரங்களாக்கி விடுகிறாள். படிப்படியாக வலிமை தேடும் விளையாட்டில் நாயகன் முதல் நாளே மகா வீரனாக நின்றால், பிறகு ஆடுவதற்கு என்ன மிச்சம்?

கேள்வி: அப்படியானால் இவர்கள் விதிமுறைக்குச் சொல்லும் வெறும் சாக்குகள்தாமே?

பதில்: பிறந்தது சாக்காகத்தான், சாக்காகவே இருந்துவிட வேண்டும் என்ற நியதி இல்லை. ஆண்ட்ராய்டு 21 மூக்குக்கண்ணாடியும் ஆய்வுக்கூடத்து வெள்ளை அங்கியும் அணிந்த மேதை. ஆனால் அவள் உடம்பில் மாஜின் பூ என்னும் அரக்கனின் உயிரணுக்கள் கலந்திருப்பதால், பசி மூண்டதும் மேனி ரோஜா நிறமாகி, எதிரியைத் தின்பண்டமாக மாற்றி விழுங்கிவிடுகிறாள். தன் பசிக்குத் தானே அஞ்சுகிறவள் ஒருத்தி, அதற்கு அடிமையானவள் ஒருத்தி என்று அவள் இரண்டாகப் பிளந்து நிற்கும்போது, அலைகளும் விதிமுறைகளும் நமக்கு மறந்துபோகின்றன. ‘இந்தப் பெண் என்ன ஆவாளோ!’ என்ற விசாரமே மிஞ்சுகிறது. விளையாட்டின் தேவைக்காகப் படைக்கப்பட்டவளுக்குச் சொந்தமாக ஒரு தேவை வந்த க்ஷணத்தில்தான் உயிரும் வந்தது.

கேள்வி: விளையாட்டில் பிறந்தவர்கள் மூலக் கதைக்குள் குடிபுக முடியுமா?

பதில்: பெரும்பாலோர் திண்ணையோடு சரி. 2019-ல் வெளியான ‘ஜம்ப் ஃபோர்ஸ்’ விளையாட்டுக்காக டோரியாமா வரைந்த கேனும் கலேனாவும் இதற்குச் சாட்சி. 2022-ல் அந்த விளையாட்டின் விற்பனையே இணையக் கடைகளில் நிறுத்தப்பட்டதால், பாவம், திண்ணையும் போயிற்று. அதே 2022-ல் டோரியாமா கதை எழுதிய ‘டிராகன் பால் சூப்பர்: சூப்பர் ஹீரோ’ திரைப்படத்திலோ, ஆண்ட்ராய்டுகளைப் படைத்த விஞ்ஞானி கேரோவின் குடும்பத்தைக் காட்டும் இடத்தில், ஆண்ட்ராய்டு 21-இன் சாயலாகவே ஒரு பெண்மணி சற்றே தோன்றி மறைகிறாள். முழுப் பந்தி விருந்து இல்லை; ஆயினும் வாசல்படி தாண்டியாயிற்று.

கேள்வி: புதுப் பாத்திரம் படைக்க விரும்புவோருக்குத் தாங்கள் சொல்லும் புத்திமதி?

பதில்: ‘பாத்திரமறிந்து பிச்சையிடு, கோத்திரமறிந்து பெண்ணைக் கொடு’ என்று நம் பெரியோர் முன்பே சொல்லிவிட்டார்கள். 21-க்குக் கோத்திரம் கிடைத்தது நாலு வருஷம் கழித்துத்தான். பசியை முதல் நாளே இட்டுவிட்டார்கள். அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.