ஆச்சரியம் காலை 6.15 மணிக்கு

உல்லாசக் கப்பல்களில் இரண்டு ரகம். ஒன்றில் ஐயாயிரம் பேர், நீச்சல் குளம், சூதாட்டக் கூடம், நடுராத்திரியிலும் பீட்சா. இன்னொன்றில் நூறு பேர்தான். விடியுமுன் எழுப்பி, முழங்கால் தண்ணீரில் இறக்கிவிட்டு, சேற்றில் நடத்திக் கூட்டிப் போவார்கள். தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் இரண்டாவதில்தான் கட்டணம் அதிகம்.

இந்த வியாபாரத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட். ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1966-இல் சாதாரணச் சுற்றுலாப் பயணிகளை அண்டார்டிகாவுக்கு அழைத்துப் போனார். மறு வருஷம் கலாபகஸ். 1969-இல் இதற்கென்றே ஒரு சிறிய சிவப்புக் கப்பலும் வந்தது. அது கைமாறிக் கைமாறி, 2007-இல் அண்டார்டிகாக் கடலில் பனிக்கட்டியில் மோதி மூழ்கிப் போனது. ஏறியிருந்த 154 பேரும் உயிர் தப்பினார்கள். விளம்பரத் தாளில் சொன்ன சாகசம் பாக்கியில்லாமல் கிடைத்தது அந்தப் பயணத்தில்தான்.

இந்தோனேசியாவின் கிழக்குப் பக்கம், கொமோடோவில் தொடங்கி பாண்டா தீவுகள் வழியாக ராஜா அம்பாட் வரை போகும் பாதை இந்தக் கப்பல்களுக்கு ரொம்பப் பிடித்தமானது. ஏறுகிற பயணிக்கு இருப்பது ஒரே ஆசை: எதிர்பாராதது ஏதாவது நடக்க வேண்டும், அதுவும் சொன்ன நேரத்துக்கு நடக்க வேண்டும். ஆகவே தினமும் ராத்திரி கேபினில் ஒரு தாள் வைக்கிறார்கள். 4.45 காபி, 5.00 ரப்பர் படகு, 6.15 பறவை.

படகில் ஏறுவதற்கு முதல் நாளே பயிற்சி உண்டு. படகுக்காரரின் கையைப் பிடிக்கக் கூடாது. அவர் உங்கள் முன்கையையும் நீங்கள் அவர் முன்கையையும் பற்ற வேண்டும். ஒருவர் பிடி நழுவினாலும் மற்றவர் பிடி நிற்கும். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். மறுநாள் காலை, அலையில் படகு ஒரு முழம் ஏறி இறங்கும் நேரத்தில், பாதிப் பேர் முதலில் கேமராவை நீட்டுகிறார்கள்.

கொமோடோ உடும்பு மூன்று மீட்டர் வரை வளரும். ஒரே வேளையில் தன் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தின்னக்கூடியது. குட்டிகள் மரத்தில் ஏறி வாழ்கின்றன. கீழே இருந்தால் பெரியவர்களே தின்றுவிடுவார்கள். இவ்வளவுக்கும் எதிராக வனக்காவலர் கையில் இருப்பது நுனி கவட்டையாகப் பிரிந்த ஒரு கம்பு. பயணிகள் இரண்டு மணி நேரம் வெயிலில் குன்றேறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு புதர் புதராகத் தேடி, ஒரு மானைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். புறப்பட்ட இடத்தில், காவலர்களின் சமையலறைக் குடிலுக்கு அடியில், நான்கு உடும்புகள் காலை நீட்டிப் படுத்துத் தூங்குகின்றன.

“அப்போ எங்களை ஏன் மலை ஏற வைச்சீங்க?”

“நீங்க நடக்கணும்னு கேட்டீங்க மிஸ்டர். அதுங்க கேக்கல.”

பாண்டாவில் ஊர்க்காரர்கள் நீண்ட கோரா-கோரா படகுகளில் மேளத்தோடு எதிர்கொண்டு வருகிறார்கள். ஒரு காலத்தில் அவை போர்ப்படகுகள். உலகத்தின் ஜாதிக்காய் முழுக்க இந்தச் சின்னத் தீவுகளிலிருந்துதான் போன காலம் அது. அதற்காக 1621-இல் டச்சுக்காரர்கள் இங்கிருந்த மக்களில் பெரும்பாலானவர்களைக் கொன்றும் விரட்டியும் தீர்த்தார்கள். கப்பலில் இதைச் சொல்லும்போது அரங்கில் சத்தமே இருக்காது. அடுத்து, 1667-இல் பிரெடா உடன்படிக்கையில் இங்குள்ள ரன் தீவு டச்சுக்காரர் வசம் நிலைத்தது, ஆங்கிலேயர் வசம் மன்ஹாட்டன் தங்கியது என்று சொன்னதும் மறுபடி உயிர் வருகிறது. யாராவது ஒருவர் சதுர அடி விலையைக் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்.

ராஜா அம்பாட்டுக்கு 1860-இல் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் வந்தபோது கேபினில் தாள் வைக்க ஆளில்லை. முதலில் சேர்த்த மாலுமிகள் ஓடிவிட்டார்கள். படகு பத்துத் தடவை பவளப்பாறையில் தட்டியது. நங்கூரம் நான்கு தொலைந்தது. பாயை எலி தின்றது. திரும்பும்போது பன்னிரண்டு நாளில் முடிய வேண்டிய வழி முப்பத்தெட்டு நாள் இழுத்தது. நடுவில் அவர் ஆறு வாரம் தங்கிய குடிசை எட்டடிக்கு எட்டடி. கூரை உச்சியே தரையிலிருந்து ஐந்தடிதான். மனிதர் ஆறடிக்கு மேல் உயரம். இந்தக் கதையைக் குளிர்சாதன அரங்கில் கேட்டு நெகிழ்ந்த பயணி ஒருவர், வெளியே வந்ததும் வரவேற்பு மேசையில் கேட்டது: இன்னொரு தலையணை கிடைக்குமா?

வாலஸ் தேடி வந்தது சிவப்புச் சொர்க்கப் பறவையை. இன்றைய தாளில் இருப்பது வில்சன் சொர்க்கப் பறவை. வைகியோ, பட்டான்டா தீவுகளில்தான் வாழ்கிறது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். நீல வழுக்கைத் தலை, சிவப்பு முதுகு, சுருண்ட இரண்டு வால் இறகு. ஆண் பறவை காட்டுத் தரையில் ஓரிடத்தைத் தேர்ந்து, மார்கழி வாசல் மாதிரி சுத்தமாக வைத்திருக்கும். வழிகாட்டி அங்கே ஓர் இலையைப் போட்டுவிட்டு மறைவுக்கு வருகிறார். டேவிட் அட்டன்பரோ 1996-இல் வந்த படத்துக்காகச் செய்த அதே உபாயம். 6.15. பறவை வந்தது, இலையை அலகால் கவ்வித் தூர எறிந்தது, பச்சை மார்பை விரித்து ஆடியது. பெண் பறவை ஒன்று மேல் கிளையிலிருந்து பார்த்தது. திருப்தியில்லை போல, பறந்துவிட்டது. மறைவுக்குப் பின்னாலிருந்த கணவன்மார் இரண்டு பேர் பெருமூச்சு விட்டார்கள்.

தாளுக்கு அடங்காதது கடலின் வற்றம்தான். அன்று மாலை கிராமத்துக்குப் போன படகுகள் ஆழமில்லாமல் நின்றுவிட்டன. கரையில் பள்ளிப் பிள்ளைகள் வரவேற்புப் பாட்டை ஒத்திகை பார்த்துப் பார்த்து அலுத்து, கடைசியில் அவர்களே தண்ணீரில் இறங்கி, “ஹலோ மிஸ்டர்! ஹலோ மிஸ்டர்!” என்று பயணத் தலைவியின் படகை இழுத்து வந்தார்கள். பாட்டு முடிந்தது, கைதட்டல் முடிந்தது. அப்போது ஊர்த்தலைவர் எழுந்து, இனி விருந்தாளிகள் பாடட்டும் என்றார்.

ஒன்பது நாட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒரே பாட்டு ‘ஹேப்பி பர்த்டே’. பாடினார்கள். யாருக்குப் பிறந்தநாள் என்று பிள்ளைகள் கேட்க, எல்லா விரலும் தலைவியைக் காட்டின. அவருக்கு ஒரு பூமாலை, இரண்டு தட்டு வாழைப்பழ பஜ்ஜி, வரிசையில் நின்ற அறுபது பிள்ளைகளோடும் ஒரு கைகுலுக்கல். இரவுச் சாப்பாடு ஒன்றரை மணி நேரம் தாமதம். கப்பல் சமையல்காரருக்கு மட்டும் அந்தப் பிறந்தநாளில் சந்தோஷமில்லை.