எல்.சி.யூ.வில் ஒரு குடும்பஸ்தன்

எங்கள் வீட்டில் அரசியல் பேசுவதில்லை. சொத்து விஷயம் பேசினால் மச்சினன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். பக்கத்து வீட்டைப் பற்றிப் பேசலாம் என்றால் சுவர் மெல்லிசு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பம் மனம்விட்டுச் சண்டை போட்டுக்கொள்ள மிச்சமிருக்கும் ஒரே பொது விஷயம், இயக்குநர் லோகேஷ் கனகராஜ்.

கட்சி நிலவரம் இது. கல்லூரியில் படிக்கும் மகன் ஆளுங்கட்சி; லோகேஷ் தும்மினாலும் அதில் எல்.சி.யூ. என்கிற 'லோகேஷ் சினிமாட்டிக் யூனிவர்ஸி'ன் அடுத்த படத்துக்கு 'லீட்' இருக்கிறது என்பான். மச்சினன் உலக சினிமாக் கட்சி; தமிழ்ப் படத்தை சப்டைட்டிலோடு பார்ப்பவன். மனைவி பிரதான எதிர்க்கட்சி. மாமியார் சுயேச்சை, எந்த நேரத்தில் எந்தப் பக்கம் சாய்வார் என்று அவருக்கே தெரியாது. பிளஸ் ஒன் படிக்கும் மகள் பார்வையாளர் மாடம். நான் சபாநாயகர். எல்லாரும் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். நான் பேசினால் மட்டும் யாராவது எழுந்து ஃபேனை ஒரு புள்ளி கூட்டுவார்கள்.

இந்தப் பதவிக்கு என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை பார்க்க விரல் நுனியில் ஊசி குத்தும்போது, சுவரில் இருக்கும் காலண்டரில் நல்ல நேரம் எமகண்டம் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்பவன் நான். தமிழ் சினிமாவில் கடந்த சில வருஷங்களாக வந்த வெட்டுக்குத்துகள் அனைத்தையும் விரலிடுக்கு வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் வெளியே வந்ததும் "மேக்கிங் பிரமாதம்" என்று முதலில் சொல்லும் ஆளும் நான்தான்.

ஆளுங்கட்சியின் வாதம் 'கைதி'யில் ஆரம்பிக்கும். 2019 தீபாவளி. எதிரே விஜய்யின் 'பிகில்'. அந்த நேரத்தில் கதாநாயகி இல்லாமல், பாட்டு இல்லாமல், ஒரே ராத்திரியில் நடக்கிற கதையோடு, ஒரு லாரியை நம்பி வந்து ஜெயித்த படம். "அதுவும் நம்ம திருச்சிப்பா!" என்று சேர்த்துக்கொள்வான். திருச்சி கமிஷனர் அலுவலகத்தை ரவுடிக் கும்பல் முற்றுகையிடும் கதை என்பதால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதில் ஒரு பாத்தியதை உண்டு. நிஜத்தில் அந்தப் பக்கம் போனால் ஹெல்மெட்டைச் சரியாக மாட்டிக்கொண்டு வேகமாகக் கடந்துவிடுவோம் என்பது வேறு விஷயம்.

"அடிக்கிறது முக்கியமில்லப்பா. அடி விழறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் ஒண்ணுமே நடக்காது பாரு, அங்கதான் படம் இருக்கு" என்பான். அது உண்மை. கார்த்தி வேஷம் கட்டிய டில்லி, பெரிய பாத்திரத்தில் பிரியாணியைக் குவித்து வைத்துக்கொண்டு கையால் அள்ளி அள்ளிச் சாப்பிடுவார். சுற்றிலும் போலீஸ் அதிகாரிகள் மயங்கிக் கிடக்கிறார்கள், உலகமே கவிழ்ந்து கொண்டிருக்கிறது. மனிதர் எலும்பை உறிஞ்சுகிறார். பத்து வருஷம் ஜெயில் சாப்பாடு சாப்பிட்டவன் வேறெப்படிச் சாப்பிடுவான்? இவன் அடித்தால் எப்படி அடிப்பான் என்பது அந்தச் சாப்பாட்டிலேயே தெரிந்துவிடுகிறது. அந்தக் காட்சியை நான் விரலிடுக்கு இல்லாமல் முழுசாகப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து அதே பாணியில் சாப்பிட்டுப் பார்த்தேன். "சட்டையில சிந்தாதீங்க" என்றாள் மனைவி. டில்லிக்கு இந்தத் தொந்தரவு கிடையாது.

அடுத்த வாதம் பாட்டு. புதுப்பாட்டு போட்டு அடிப்பதைவிட, மறந்துபோன பழைய பாட்டை எடுத்துப் போட்டு அடிப்பது லோகேஷின் கைமுத்திரை. 1995-இல் வந்த 'அசுரன்' படப் பாட்டு ஒன்று 'விக்ர'மில் மறுபிறவி எடுத்தது. தேவா இசையமைத்த 'ஏழையின் சிரிப்பில்' பாட்டு ஒன்று 'லியோ'வுக்குப் பிறகு எல்லா போனிலும் அலறியது. இதனால் எனக்கு ஏற்பட்ட நஷ்டம் பெரிது. அவையெல்லாம் எங்கள் காலத்து டவுன் பஸ் பாட்டுகள். ஜன்னலோர சீட்டும் எதிர்க்காற்றுமாக ஞாபகத்தில் இருந்தவை. இப்போது டீக்கடையில் அந்தப் பாட்டு ஆரம்பித்தால் கை தானாகக் கழுத்தைத் தடவுகிறது.

இந்த இடத்தில் உலக சினிமாக் கட்சி குறுக்கிடும். "இதெல்லாம் டரான்டினோ 1992-லயே பண்ணியாச்சு மாமா" என்பான் மச்சினன். 'ரிசர்வாயர் டாக்ஸ்' படத்தில் ரேடியோவில் பழைய ஜாலியான பாட்டு ஓட, ஒருவன் ஆடிக்கொண்டே போலீஸ்காரனின் காதை அறுப்பான். சரியாக அந்த நிமிஷம் காமிரா நகர்ந்து சுவரைப் பார்க்கப் போய்விடும். "காட்டாம விட்டதாலதான் பயமா இருக்கு. உங்க ஆளு எல்லாத்தையும் காட்டிடுறார்" என்பது அவன் கட்சி. வீடியோ கேசட் கடையில் வேலை பார்த்துக்கொண்டே சினிமா கற்றவர் டரான்டினோ. லோகேஷ் பேங்க் வேலையிலிருந்து வந்தவர் என்று ஒப்பீட்டு ஆய்வு நீளும். எனக்கு இதில் பிடித்தது காமிரா செய்த காரியம். காது அறுபடும்போது சுவரைப் பார்க்கும் அந்தக் காமிராவும் காலண்டரைப் பார்க்கும் நானும் ஒரே ஜாதி. சொன்னேன். ஃபேன் ஒரு புள்ளி கூடியது.

மாமியார் அதுவரை வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "அந்த வெள்ளைக்காரனே நம்ம கமலைப் பாத்துத்தான் பண்ணினானாமே?" என்றார். இது சீரியல் இடைவேளையில் கிடைத்த தகவல் என்றாலும் ஆதாரம் உண்டு. 'ஆளவந்தா'னில் வன்முறை திடீரென்று அனிமேஷனாக மாறுமே, அதுதான் 'கில் பில்' படத்தில் வரும் அனிமேஷன் பகுதிக்குத் தூண்டுதல் என்று டரான்டினோ தன்னிடம் சொன்னதாக இந்தி இயக்குநர் அனுராக் காஷ்யப் சொல்லியிருக்கிறார். ஆளவந்தான் 2001, கில் பில் 2003. ஆக, கமலிடமிருந்து அமெரிக்கா போய், அங்கிருந்து கிணத்துக்கடவுப் பையன் லோகேஷ் வழியாகத் திரும்பக் கமலிடமே 'விக்ர'மாக வந்து சேர்ந்தது அந்த ரத்தம் என்று மகன் வரலாறு எழுதினான். மச்சினன் தண்ணீர் குடிக்க எழுந்து போனான். மாமியார் வாயில் வெற்றிலை ஏறியது.

'லியோ' பற்றிய விவாதத்தை நான் சபைக்குறிப்பிலிருந்து நீக்கிவிட்டேன். டேவிட் குரோனென்பெர்க்கின் 2005-ஆம் வருஷப் படமான 'எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ்' தழுவல்தான் அது; படத்திலேயே சொல்லிவிட்டார்கள். சண்டை அதில் இல்லை. இரண்டாம் பாதியில் மன்சூர் அலிகான் சொல்லும் ஃபிளாஷ்பேக் நிஜமா பொய்யா என்பதில்தான். அது பொய்யாகவும் இருக்கலாம் என்று இயக்குநரே பின்னால் ஒரு பேட்டியில் சொல்லிவைக்க, மகன் 'அப்பவே சொன்னேன்' என்று குதித்தான். டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு நிஜமாயிற்றே, கதை பொய் என்றால் பாதி திருப்பித் தருவார்களா என்று கேட்டேன். சபாநாயகர் தரம் தாழ்ந்து பேசுவதாகக் கண்டனத் தீர்மானம் வந்தது.

பிறகு 'கூலி' வந்தது. 2025 ஆகஸ்ட் 14. ரஜினி படம், குடும்பத்தோடு போவது எங்கள் வம்ச வழக்கம். தணிக்கைக் குழு அதற்கு 'ஏ' கொடுத்துவிட்டது. 2024-இல் வந்த விதிகளின்படி யு/ஏ என்பதையே 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அந்த மூன்றில் ஒன்றில்கூட ரஜினி படம் அடங்கவில்லை என்றால் எங்களைப் போன்ற ஆறு டிக்கெட் குடும்பம் என்ன செய்யும்? பதினெட்டு ஆகாத மகளை உள்ளே விடமாட்டார்கள். யாராவது ஒருவர் அவளோடு வெளியே இருக்க வேண்டும்.

"நான் இருக்கேன்" என்றேன். சபையில் மயான அமைதி. முள்ளும் மலரும் காலத்திலிருந்து ரஜினி படத்தை விட்டுக்கொடுக்காதவன் மகளுக்காகத் தியாகம் செய்கிறானே என்று மச்சினன் கண் கலங்கிவிட்டான். மனைவி மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். தியாகத்தின் பின்னணியில் தணிக்கைக் குழுவின் அந்த ஒற்றை எழுத்து என் வயிற்றில் என்ன செய்துகொண்டிருந்தது என்பது அவளுக்குத் தெரியும். நானும் மகளும் வெளியே மாதுளை ஜூஸ் குடித்தோம். அது சிவப்பாக இருந்ததால் நான் மட்டும் பாதியில் சாத்துக்குடிக்கு மாறினேன்.

திரும்பி வந்த மாமியார் விமர்சனம் ஒரே வரி. படத்தில் சத்யராஜ் கண்டுபிடித்த ஒரு நாற்காலி இருக்கிறது. பிணத்தை உட்காரவைத்தால் சாம்பலாக்கிவிடும். "அதுக்கு கரண்டு பில்லு எவ்வளவு வரும் மாப்ளே? அதை யாருமே கேக்கலையே!" என்றார். அத்தனை யூடியூப் விமர்சனங்களிலும் இல்லாத ஒரு பார்வை.

இவ்வளவு பேரும் பேசிய பிறகு, என் கட்சி எது என்று யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். என் ஹீரோ டில்லி இல்லை, விக்ரம் இல்லை, அந்தப் பட வில்லன் ரோலக்ஸ் இல்லவே இல்லை. 'கைதி'யில் ஜார்ஜ் மரியான் நடித்த கான்ஸ்டபிள் நெப்போலியன். மாற்றல் உத்தரவோடு புது இடத்துக்கு வந்து சேர்ந்த, ரிட்டயர்மென்ட் பக்கத்தில் நிற்கும் ஒல்லி மனிதர். அந்த ராத்திரி அலுவலகத்தில் அவரும், போலீஸ் பிடித்து உட்காரவைத்திருந்த சில காலேஜ் பிள்ளைகளும் மட்டும். வெளியே அர்ஜுன் தாஸ் அந்தக் கிணற்றுக் குரலில் கதவைத் திறக்கச் சொல்கிறார். நெப்போலியன் பறந்து அடிக்கவில்லை. கதவைச் சாத்துகிறார். ஜன்னலைச் சாத்துகிறார். மேஜையை இழுத்து முட்டுக்கொடுக்கிறார். கை நடுங்குகிறது, குரல் நடுங்குகிறது, ஆனால் திறக்கமாட்டேன் என்கிறார்.

இது எனக்குத் தெரிந்த வீரம். ராத்திரி படுக்கப் போகுமுன் கேஸ், கொல்லைக் கதவு, மோட்டார் சுவிட்ச் என்று சுற்றி வந்து எல்லாவற்றையும் இரண்டு தடவை இழுத்துப் பார்க்கும் ஒவ்வொரு குடும்பஸ்தனுக்கும் தெரிந்த வீரம். லோகேஷின் ரத்த ஆற்றைத் தாண்டி என் போன்ற கோழைகள் தியேட்டருக்குப் போவதற்கு இதுதான் காரணம். அவர் ஹீரோக்கள் அத்தனை பேரும் அடிப்படையில் குடும்பஸ்தர்கள். டில்லி பார்க்காத மகளுக்குக் கம்மல் வாங்கி வைத்திருக்கிறான். விக்ரம், சத்தம் ஆகாத பேரனைக் காப்பாற்றப் போராடுகிறார். 'லியோ' பார்த்திபன் மனைவி பிள்ளைகளோடு காபிக் கடை நடத்துகிறான். இவை ரத்தம் தெறிக்கும் குடும்பப் படங்கள்.

இதைச் சொன்னதும் முதல்முறையாக ஃபேனை யாரும் தொடவில்லை. மகன் கைகுலுக்கவே வந்துவிட்டான். அப்போதுதான் எதிர்க்கட்சித் தலைவி, கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"குடும்பப் படம்னா குடும்பம் எங்கங்க?" என்றாள். "டில்லி பொண்டாட்டி செத்துட்டா. விக்ரம்ல ஃபகத் பொண்டாட்டிய தலைய வெட்டிக் கொல்றாங்க. லியோ தங்கச்சியக் கொன்னாச்சு. உங்க ஹீரோவுக்குக் கோபம் வரணும்னா ஒரு பொம்பள சாகணும். எனக்குக் கோபம் வர்றதுக்கு, நீங்க ஈரத்துண்டக் கட்டில்ல போட்டாலே போதும்."

"ஏஜென்ட் டீனா!" என்று மகன் கத்தினான். 'விக்ர'மில் வீட்டு வேலைக்காரி என்று எல்லாரும் நினைத்திருக்க, திடீரென்று அடியாட்களைத் துவம்சம் செய்யும் அந்தப் பாத்திரத்தில் தியேட்டரே எழுந்து நின்றது நிஜம். பல வருஷங்கள் திரையில் பின்வரிசையில் ஆடிய வசந்தி, அந்த ஒரு சண்டையில் முன்வரிசைக்கு வந்தார்.

"அவளையும்தான் அடுத்த நிமிஷமே கொன்னுட்டாங்களே" என்றாள்.

"லியோல த்ரிஷா கடைசி வரைக்கும் உயிரோட இருக்காங்க!"

"அதனாலதான்டா அந்தப் படம் உனக்கு செகண்ட் ஹாஃப் பிடிக்கல."

பார்வையாளர் மாடத்தில் மகள் கைதட்டினாள். மச்சினனிடம் டரான்டினோ பக்கத்திலிருந்தும் பதில் வரவில்லை. மாமியார் வெளிப்படையாகவே தன் மகள் பக்கம் சாய்ந்தார்.

ஆகவே சபாநாயகரின் தீர்ப்பு: திரையில் தெறிக்கும் ரத்தத்தின் மேல் எனக்கு வழக்கில்லை, அது பெயிண்ட் என்று எனக்கும் தெரியும், என் வயிற்றுக்குத்தான் தெரியாது. ஒளியும் பழைய பாட்டும் காத்திருப்புமாக ஒரு சண்டையை இப்படிக் கட்டத் தெரிந்தவர்கள் இங்கே குறைவு. ஆனால் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு கதை வைத்திருக்கும் இயக்குநர், வீட்டுக்காரிக்குச் சாவதைத் தவிர ஒரு வேலை தரமாட்டேன் என்பது நியாயமில்லை. நெப்போலியனையும் டீனாவையும் எழுதிய கைக்கு அது முடியாத காரியமும் இல்லை.

லோகேஷ் சாருக்கு ஒரு விண்ணப்பம். நெப்போலியனுக்கு வீட்டில் ஒரு மனைவி இருந்து, அந்த ராத்திரி முழுக்க அவர் போனை எடுக்காமல், விடிந்து சட்டையெல்லாம் கறையோடு வீட்டுப் படியேறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடப்பதை மட்டும் இரண்டரை மணி நேரப் படமாக எடுங்கள். கத்தி வேண்டாம், துப்பாக்கி வேண்டாம், ஒருத்தரும் சாக வேண்டாம். 'ஏ' சர்டிபிகேட் உறுதி.