பொன்னி அரிசியும் எம்.பி.ஏ. படித்த மாப்ளையும்

ஏன் மாப்ள, பட்டணத்துல எம்.பி.ஏ. முடிச்சிட்டு வந்து, தமிழ்நாட்டுப் பொன்னி அரிசியைக் கப்பல்ல இறக்கி, கெடாவுல நம்ம யான் வட்டாரம் முழுக்க விக்கப் போறியாமே? உங்கம்மா சொன்னா. கேட்டதும் எனக்குப் புல்லரிச்சிப் போச்சு. துறைமுகம், லோரி, லாபம்னு திட்டத்துல எல்லாம் இருக்கு. பெர்னாஸ்னு ஒரு பேரு மட்டும் காணோமே, படிப்புல அதை விட்டுட்டாங்களா?

அரசாங்க நெல் வாரியத்துல இருந்து பொறந்து, 1996ல தனியாரான கம்பெனி அது. வெளிநாட்டு அரிசியை மலேசியாவுக்குள்ள இறக்குற உரிமை அது ஒண்ணுக்குத்தான். 2031 வரைக்கும் கையெழுத்தாகியிருக்கு. அதைக் கேக்காம அரிசி இறக்குறது, முறைமாமனைக் கேக்காம பொண்ணுக்குப் பரிசம் போடுற மாதிரி. அதுக்குப் பின்னால இருக்குற பெரும் பணக்காரர் சைட் மொக்தார் அல்புகாரி நம்ம அலோர்ஸ்டார்ல பொறந்தவருதான். ஊர்க்காரர்னு சொந்தம் கொண்டாடிக்கிட்டுப் போயிடாதே.

சும்மா திட்டவும் முடியாது. அந்த உரிமைக்குப் பதிலா, வாங்க ஆளில்லாத நெல்லையும் அது குறைந்தபட்ச விலைக்கு வாங்கணும், கையிருப்பு வச்சிருக்கணும். 2025ல அந்த விலையை டன்னுக்கு 1,300 வெள்ளியிலிருந்து 1,500க்கு ஏத்தினாங்க. ஜெராய் மலை அடிவாரத்துல வயல் வச்சிருக்கிறவன் கடன் அடைக்கிறது இந்த விலையிலதான். ரகசியமா ஒண்ணு சொல்றேன்: உன் போட்டிக்காரன் வியாபாரி இல்லை, ஒரு ஒப்பந்தம்.

2023 கூத்தை மறந்துட்டியா? ஜூலையில இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்திச்சு. செப்டம்பர் 1ஆம் தேதி பெர்னாஸ் இறக்குமதி அரிசியை டன் 2,350 வெள்ளியிலிருந்து 3,200க்குத் தூக்கிச்சு. உள்ளூர் அரிசிக்கோ கிலோ 2 வெள்ளி 60 காசுக்கு மேல விக்கக் கூடாதுனு சர்க்கார் கட்டுப்பாடு. 10 கிலோ பை 26 வெள்ளி. பக்கத்துல இருந்த இறக்குமதிப் பை அதைவிட எவ்வளவோ விலை. ரெண்டுலயும் இருக்கிறது அரிசிதான். உள்ளூர் அரிசிக்குக் கால் முளைச்சு, கடைத் தட்டை விட்டு இறங்கி நடந்துடுச்சு. இறக்குமதிப் பைக்குள்ள போய்ப் படுத்துக்கிச்சுனு ஊரெல்லாம் புகார், அதிகாரிங்க கிடங்கு கிடங்கா சோதனை. நெற்களஞ்சியம்னு பேரெடுத்த கெடாக்காரனும் கடைக்காரன் முகத்தைப் பார்த்து நின்னான். இதைப் புரிஞ்சுக்க எந்த வியூக வகுப்பும் வேண்டியதில்லை. ரெண்டு விலை போட்டா, நடுவுல ஒருத்தன் வந்து உக்காந்துக்குவான்.

வியாபாரம் ஜெயிச்சா, உன் புத்தகம் அதை முதலாளியோட மூளைனு எழுதும். ஆனா முதலாளி எந்தப் பக்கம் பார்க்கணும்னு சொல்றது சர்க்கார் போட்ட விதிதான். தென் கொரியாவுல 1961ல ஆட்சியைப் பிடிச்ச பார்க் சுங் ஹீ பேங்குகளைச் சர்க்கார் கையில எடுத்துக்கிட்டு, ஏற்றுமதி பண்ணினவனுக்கு மலிவு வட்டிக்குக் கொடுத்தாரு. அங்க முதலாளி கடலைப் பார்த்தான். ஜப்பான்ல கம்பெனிக்குப் பின்னால ஒரு பேங்க் நின்னுது, அங்க முதலாளி பத்து வருஷம் பொறுத்து லாபம் பார்த்தான். இந்தியாவுல 1991 வரைக்கும் எத்தனை ஸ்கூட்டர் செய்யலாம்னு டில்லி சொல்லணும். அங்க முதலாளி டில்லி வாசல்லயே படுத்துக்கிட்டான். நீ ஓட்டிட்டு வந்த புரோட்டோன் மட்டும் என்ன? 1983ல மித்சுபிஷியைக் கூட்டாளியாக்கி, வெளிநாட்டுக் காருக்கு வரியைப் போட்டு வளர்த்த பிள்ளை.

யான் வயல்ல ஏன் நம்ம தமிழ் ஆளு இல்லைனு ஒருநாள் கேட்டியே, அதுவும் ஒரு சட்டத்தாலதான். கெடாவுல 1931ல மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்துச்சு. அந்த நிலம் நம்ம கைக்கு மாறாது, செட்டியார் அதை நம்பி வட்டிக்கும் விட முடியாது. நம்ம ஆளு ரப்பர் மரத்தடியிலயே நின்னுட்டான்.

அதுலயும் ஒருத்தர் சூட்சுமம் கண்டாரு, அப்போ மந்திரியா இருந்த துன் வீ.தி. சம்பந்தன். வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டு போட்டு வித்துட்டுப் போக, வேலைக்காரன் தெருவுக்கு வந்த காலம். அதைத் தடுக்கச் சட்டம் இல்லை. அவரு கூட்டுறவுச் சட்டத்தைப் பிடிச்சாரு. 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். பால் வெட்டினவங்க பத்துப் பத்து வெள்ளியாக் கட்டி வாங்கின முதல் தோட்டம் நம்ம கெடாவுல இருக்குற புக்கிட் சீடிம். வியூகம்னா அது மாப்ள. ஸ்லைடே இல்லாம செஞ்சாங்க.

உனக்குப் பொன்னிதான் வேணும்னா, முறைப்படி இறக்கின மொத்த வியாபாரி யாருன்னு விசாரி. 1994ஆம் வருஷ நெல், அரிசிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி சில்லறையா அரிசி விக்கவும் லைசன் வேணும். திங்கக்கிழமை போய் முதல்ல அந்த லைசன் பாரத்தை வாங்கிட்டு வா. எழுத்தெல்லாம் நீ எழுது, எந்த மேசையில முதல்ல கொடுக்கணும்னு நான் சொல்றேன்.